முந்துவதற்கு இடம் தேடி: மொனாக்கோ முதல் பாகு வரை

செவ்வாய், மொனாக்கோ

பிரான்சின் நீஸ் நகரில் அறை எடுத்துக்கொண்டு மொனாக்கோவுக்கு ரயிலில் போய்வருவதுதான் கைக்கு அடக்கமான வழி என்று இங்கே வந்து போனவர்கள் சொல்லியிருந்தார்கள். அரைமணிக்கும் குறைவான அந்தப் பயணத்தில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் செங்குத்தான மலையும் கூடவே வருகின்றன. கடைசியில் மலையைக் குடைந்து அமைத்த நிலையத்துக்குள் ரயில் போய் நிற்கிறது. வெளியே வந்து சற்றுக் கீழே இறங்கினால், ஃபார்முலா 1 பார்க்கும் எல்லோருக்கும் தொலைக்காட்சியில் பழகிப்போன சாந்த் தெவோத் தேவாலயம். பந்தயத்தின் முதல் வளைவு அதன் காலடியில்தான் இருக்கிறது.

பந்தயத்துக்கு இன்னும் பல வாரங்கள் இருக்கின்றன. வேண்டுமென்றேதான் இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுத்தேன். பந்தய வாரத்தில் வருகிறவர்கள் கார்களைப் பார்க்கலாம். சாலையைப் பார்க்க முடியாது. 3.337 கி.மீ. நீளமுள்ள இந்தப் பாதை ஆண்டின் பெரும்பகுதியில் பேருந்தும் ஸ்கூட்டரும் குப்பை வண்டியும் போகிற சாதாரணத் தெரு என்பதால், எந்த வளைவிலும் நின்று அதன் ஏற்ற இறக்கத்தைக் காலாலேயே உணர்ந்துகொள்ளலாம். இந்த ஆண்டுப் போட்டிக்கான இரும்புத் தடுப்புகளை ஆங்காங்கே பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்த வேலைக்கு மட்டும் ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது.

நான் தெரிந்துகொள்ள வந்தது ஒரே ஒரு விஷயம். இவ்வளவு புகழ்பெற்ற இந்தத் தெருக்களில் பின்னால் வரும் கார் முன்னால் போகும் காரை ஏன் முந்த முடிவதில்லை, முந்த வைக்க என்ன செய்யலாம் என்பதுதான் அது. 2024 போட்டியில் முதல் பத்து இடங்களில் தொடங்கியவர்கள், ஒருவர்கூட இடம் மாறாமல், அதே வரிசையில் முதல் பத்து இடங்களில் முடித்தார்கள். 1950-இல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் முறை. முதல் சுற்றில் நேர்ந்த பெரிய விபத்தால் செங்கொடி காட்டப்பட்டு பந்தயம் நிறுத்தப்பட, முன்வரிசையில் இருந்தவர்கள் அந்த இடைவெளியிலேயே டயர்களை மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் டயர் மாற்றும் இடமான பிட் பக்கம் போகவே அவசியமில்லாமல் போய், மிச்சமிருந்த சுற்றுகள் எல்லாம் ஊர்வலமாக நடந்து முடிந்தன. வென்ற சார்ல் லெக்லேர் இதே ஊரில் பிறந்தவர் என்பதால் ஊரே கண்ணீர் விட்டது. அந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் தொடங்கும் வரிசையைத் தீர்மானிக்கும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றோடு முடிவு எழுதப்பட்டுவிட்ட ஒரு பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை எதற்காக நடத்தினார்கள் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

முதல் வளைவின் ஓரத்தில் வில்லியம் குரோவர்-வில்லியம்ஸ் புகாட்டி காரில் அமர்ந்திருக்கும் சிலை நிற்கிறது. 1929-இல் அந்தோனி நோகெஸ் ஏற்பாடு செய்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரீயை வென்றவர் அவர். சக்கரங்கள் எவ்வளவு ஒல்லி, உடல் எவ்வளவு குறுகல் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. தெரு அன்றைக்கும் ஏறக்குறைய இதே தெருதான்.

புதன், மொனாக்கோ

இன்று காலை, கார்கள் போகும் திசையிலேயே முழுப் பாதையையும் நடந்தேன்.

சாந்த் தெவோத்திலிருந்து கேசினோ சதுக்கம் வரை சாலை விடாமல் ஏறுகிறது. தொலைக்காட்சியில் இந்த ஏற்றம் தட்டையாகத் தெரியும். நடந்தால் மூச்சு வாங்குகிறது. இங்கே கார்கள் முழு வேகமெடுத்தாலும் சாலை நேராக இல்லை. இடமும் வலமும் லேசாக வளைந்து வளைந்து ஏறுவதால், இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நெடுந்தூரம் ஓடுவதற்கான வாய்ப்பு அமைவதில்லை. மேலே மாஸ்னே வளைவு நீளமானது, எதிரே வருவது தெரியாதது. கேசினோ சதுக்கத்தைத் தாண்டியதும் சாலையின் இடப்பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. பந்தயக் காட்சிகளில் ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சட்டென வலப்பக்கம் ஒதுங்கி அந்த மேட்டைத் தவிர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்று அதன்மீது நின்று பார்த்தபோது புரிந்தது. காரின் அடிப்பலகை தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் ஓடும்போது, சாலையின் அகலத்தில் ஒரு பகுதி இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. காகிதத்தில் இரண்டு கார்களுக்கு இடமிருக்கும் இடத்தில், நடைமுறையில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

மிராபோ வளைவிலிருந்து இறங்கி, ஹோட்டலின் முன்னால் கொண்டை ஊசி போல வளையும் புகழ்பெற்ற ஹேர்பின் வளைவில் வெகுநேரம் நின்றேன். ஒரு காலத்தில் இங்கே ரயில் நிலையம் இருந்தது. ஃபார்முலா 1 நாட்காட்டியிலேயே மிக மெதுவான வளைவு இது. கார்கள் மணிக்கு 50 கி.மீ.க்கும் குறைவான வேகத்தில் ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பிக்கொண்டு போகும். நகரப் பேருந்து ஒன்று வந்து, எதிர்த் தடத்தையும் எடுத்துக்கொண்டு அகன்று திரும்பிப் போயிற்று. பந்தயக் காரும் அதையேதான் செய்கிறது. வெளி ஓரத்திலிருந்து தொடங்கி உள் ஓரத்தைத் தொட்டு மீண்டும் வெளி ஓரத்துக்குப் போனால்தான் திரும்பவே முடியும் என்பதால், ஒரே கார் முழு அகலத்தையும் பயன்படுத்திக்கொள்கிறது.

இங்கே முந்தவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2013-இல் ஃபோர்ஸ் இந்தியா காரில் வந்த ஆட்ரியன் சுட்டில் இதே ஹேர்பினில் ஜென்சன் பட்டனையும் பிறகு ஃபெர்னாண்டோ அலோன்சோவையும் உள்பக்கமாகப் புகுந்து முந்தினார். 1996-இல் மழை நனைத்த பாதையில் 14-ஆம் இடத்தில் தொடங்கி வென்ற ஒலிவியே பானிஸும் வழியில் இந்த வளைவைப் பயன்படுத்தினார். அன்று கடைசிவரை ஓடிக் கொடியை வாங்கியவை மூன்றே கார்கள். இப்படிப்பட்ட நகர்வுகள் நடக்கும்போது இரண்டில் ஒன்று இருந்தே தீரும்: ஒன்று முன்னவருடைய டயரோ பிடிமானமோ மோசமாகியிருக்கும், அல்லது முன்னவர் எதிர்பார்க்காத நேரத்தில் பின்னவர் மூக்கை நுழைத்திருப்பார். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவரை ஹேர்பினில் முந்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

அங்கே நின்றபடியே போட்டுப் பார்த்த ஒரு சிறிய கணக்கு எனக்குப் பெரிய தெளிவைக் கொடுத்தது. இரண்டு கார்களுக்கு இடையே ஒரு விநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் ஹேர்பினில் திரும்பும்போது அந்த ஒரு விநாடி என்பது சுமார் 13 மீட்டர். பார்ப்பவர் கண்ணுக்குப் பின்கார் முன்காரின் மீது ஏறிவிடும் போலிருக்கும். அடுத்து போர்த்தியே வளைவைத் திரும்பிச் சுரங்கச் சாலைக்குள் வேகமெடுத்து மணிக்கு 290 கி.மீ.யை எட்டும்போது, அதே ஒரு விநாடி 80 மீட்டராக விரிந்துவிடுகிறது. பின்னவர் எந்தத் தவறும் செய்யவில்லை, முன்னவர் அதிகமாக எதையும் சாதிக்கவில்லை. முன்னவர் முதலில் ஆக்சிலரேட்டரை மிதித்தார், அவ்வளவுதான். மெதுவான வளைவைவிட்டு வெளியேறுகிற எல்லாப் பாதைகளிலும் இது நடக்கும். நேர்ச்சாலை நீளமாக இருந்தால் முன்காரின் பின்னால் காற்று விலகிய தடத்தில் ஓடி இந்த 80 மீட்டரைப் பின்னவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பிடிக்கலாம். மொனாக்கோவில் அவர் பிடிக்கத் தொடங்குவதற்குள் சாலை முடிந்து அடுத்த பிரேக் வந்துவிடுகிறது.

சுரங்கத்தின் வாயிலருகே தடுப்புகளைப் பொருத்திக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று இரும்புப் பட்டைகள். ஒவ்வொரு இணைப்பிலும் பட்டையின் விளிம்பு பந்தயம் ஓடும் திசையில் அடுத்ததன் மேல் படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரசிச் செல்லும் கார் அந்த விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அவர் ஒவ்வொரு திருகையும் முறுக்கிய பின் உள்ளங்கையால் இணைப்பைத் தடவி, பிசிறு ஏதும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2012-இல் எச்.ஆர்.டி. அணியின் மிகப் பின்தங்கிய காரை இந்தத் தடுப்புகளுக்கு நடுவே கடைசிவரை ஓட்டி முடித்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மொனாக்கோவில் கரை சேர்வதே தனித் திறமை.

வியாழன், துறைமுகம்

நேற்று நடந்த பாதையில் முந்துவதற்கென்று உண்மையாகவே வாய்ப்புள்ள இடம் ஒன்றே ஒன்றுதான்: சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து சரிவில் இறங்கி, துறைமுகத்தின் ஓரமாக வரும் சிக்கேன், அதாவது வேகத்தைக் குறைக்க அடுத்தடுத்து எதிரெதிர்த் திசையில் அமைத்த வளைவுகள். ஆகவே இன்றைய பொழுதில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தேன்.

துறைமுகச் சாலையின் ஓரத்தில் நின்றபோது எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்து, ஒன்றையொன்று உரசாமல் கடந்து போயின. பேருந்து ஒன்றின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். ஃபார்முலா 1 காரின் அகலமோ 2017 முதல் 2025 வரை 2 மீட்டர். அப்படியானால் அகலம் போதவில்லை என்று சொல்லி இந்த விஷயத்தை முடித்துவிட முடியாது. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓட இடமிருக்கிறது. பக்கத்தில் வந்து சேர்வதற்கான தொலைவும் நேரமும்தான் இல்லை. கார்பன் பிரேக்குகள் வேகத்தை மிகக் குறைந்த தூரத்தில் விழுங்கிவிடுவதால், ‘நான் கொஞ்சம் தாமதமாக மிதிக்கிறேன்’ என்று துணியும் ஓட்டுநருக்குக் கிடைக்கும் லாபம் சில மீட்டர்கள் மட்டுமே.

இதற்கு 1992-ஐவிட நல்ல சான்று கிடையாது. முன்னணியில் இருந்த நைஜல் மான்செல் 71-ஆவது சுற்றில் சக்கரம் தளர்ந்ததாகச் சந்தேகித்துப் பிட்டுக்குள் போக, அயர்டன் சென்னா முன்னால் வந்தார். புதிய டயர்களோடு திரும்பிய மான்செல் சில சுற்றுகளிலேயே சென்னாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு, இடமும் வலமும் மாறி மாறி எட்டிப் பார்த்தார். தேய்ந்த டயர்களோடு, வேகம் குறைந்த காரில் இருந்த சென்னா இதே சிக்கேனிலும் மற்ற இடங்களிலும் வழியை அடைத்து, 0.215 விநாடியில் வென்றார். அந்தக் காலத்துக் கார்கள் இன்றையவற்றைவிட நீளம் மிகக் குறைந்தவை, மிக இலேசானவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-இல் நடந்தது இதைவிட வியப்பானது. டேனியல் ரிக்கார்டோவின் காரில் மின்சக்தி தரும் பகுதி பழுதாகி, சுமார் 160 குதிரைத் திறன் இல்லாமல் போயிற்று. மேல் கியர்களைப் பயன்படுத்தாமல் அவர் பந்தயத்தின் பெரும்பகுதியை ஓட்டினார். பின்னால் வந்த செபாஸ்டியன் வெட்டலால் அவரை முந்த முடியவில்லை.

அதே சிக்கேனில் முந்தியவர்களும் உண்டு. 2005-இல் ரெனோ காரில் அலோன்சோவின் பின்டயர்கள் தேய்ந்து நார் நாராகிவிட்ட நிலையில், வில்லியம்ஸ் அணியின் நிக் ஹைட்ஃபெல்டும் மார்க் வெப்பரும் அடுத்தடுத்து இங்கே அவரைக் கடந்தார்கள். அங்கே வேலை செய்தது டயர்களுக்கிடையே இருந்த வேறுபாடு. சுரங்கத்துக்குள் நுழையும்போதே முன்னவரின் டயர்களுக்குப் பிடிமானம் இல்லை. 80 மீட்டராக விரிய வேண்டிய இடைவெளி விரியவில்லை.

இப்போது 2025-க்கு வருகிறேன். ஊர்வலத்தைக் கலைக்க வேண்டும் என்று, மொனாக்கோவுக்கு மட்டும் ஒரு தனி விதி கொண்டுவரப்பட்டது: ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று டயர் தொகுதிகளைப் பயன்படுத்த வேண்டும், அதாவது இரண்டு முறை பிட்டுக்குள் வந்தே ஆக வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் நடந்தது என்ன? ரேசிங் புல்ஸ் அணியின் லியாம் லாசன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்த கூட்டத்தைத் தேக்கி வைக்க, முன்னால் ஓடிய சக ஓட்டுநர் இசாக் ஹஜார் இடத்தை இழக்காமலே தன் இரண்டு நிறுத்தங்களையும் முடித்துக்கொண்டு ஆறாம் இடம் பெற்றார். அதைப் பார்த்த வில்லியம்ஸ் அணியும் அலெக்ஸ் ஆல்பன், கார்லோஸ் சைன்ஸ் இருவரையும் மாற்றி மாற்றி அதையே செய்ய வைத்தது. முன்னால் போகும் மாட்டுவண்டி ஒதுங்க மறுத்தால் ஒற்றை வழிப் பாலத்தில் பின்னால் நிற்பவர்கள் என்ன செய்ய முடியும்? மெதுவாக ஓட்டிய ஆல்பனின் பின்னால் அகப்பட்டுப் பொறுமையிழந்த ஜார்ஜ் ரஸ்ஸல், சிக்கேனைக் குறுக்கே வெட்டி முன்னேறிவிட்டு, தண்டனையை ஏற்றுக்கொள்ளவும் தயாரானார். முன்னணியில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன், எங்காவது செங்கொடி காட்டப்படும் என்ற நம்பிக்கையில், இரண்டாவது நிறுத்தத்தைக் கடைசிச் சுற்றுக்கு முன்புவரை தள்ளிப்போட்டார். முதல் இடத்தில் தொடங்கிய லாண்டோ நாரிஸ் முதல் இடத்திலேயே முடித்தார்.

அந்த ஓட்டுநர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விதி அவர்களுக்குக் கொடுத்த கருவியை அவர்கள் பயன்படுத்தினார்கள். பிட் நிறுத்தம் கார்களின் வரிசையை மாற்றலாம், ஒரு காரை இன்னொரு கார் சாலையில் கடந்து செல்ல வைக்காது. முந்த முடியாத தெருவில் மெதுவாக ஓட்டுபவருக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பதே அடிப்படைச் சிக்கல். அந்தச் சிக்கலை அப்படியே வைத்துக்கொண்டு நிறுத்தங்களின் எண்ணிக்கையைக் கூட்டியது, மெதுவாக ஓட்டுவதற்குப் புதிய ஆதாயம் ஒன்றைத்தான் உண்டாக்கியது.

சாலையை மாற்றலாமே என்பது அடுத்த கேள்வி. முன்னாள் ஓட்டுநரும் இன்று பந்தயப் பாதை வடிவமைப்பாளருமான அலெக்சாண்டர் வுர்ஸ், சிக்கேனைத் துறைமுகத்தின் ஓரமாக இன்னும் சற்றுத் தள்ளிவைப்பது, ஹேர்பினையும் ராஸ்காஸ் வளைவையும் திருத்துவது என்று சில யோசனைகளை முன்வைத்திருக்கிறார். இடத்தை நேரில் பார்த்தபின் முதல் யோசனையில்தான் எனக்கு நம்பிக்கை. சுரங்கத்துக்குப் பிறகான ஓட்டம் கொஞ்சம் நீண்டாலும் பின்னவருக்குக் காற்றுத் தடத்தில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. இந்தச் சரிவில்தான் 1994-இல் கார்ல் வென்ட்லிங்கர் மோதிப் பல நாட்கள் நினைவிழந்து கிடந்தார். 2011 தகுதிச் சுற்றில் செர்ஜியோ பெரெஸ் கட்டுப்பாட்டை இழந்து பக்கவாட்டில் போய் மோதியதும் இங்கேதான். அதன்பிறகுதான் மேடு சீவப்பட்டது, தடுப்பும் பின்னால் நகர்த்தப்பட்டது. சிக்கேனைத் தள்ளிவைத்தால் இப்போது இருக்கும் காலி இடமும் சேர்ந்தே நகர வேண்டும். அதற்கு அப்பால் தபா வளைவும், அதற்கும் அப்பால் கடலும் இருக்கின்றன.

வெள்ளி, மொனாக்கோ

துறைமுகத்தை ஒட்டி மொனாக்கோ இளவரசரின் கார் காட்சியகம் இருக்கிறது. பழைய பந்தயக் கார்களையும் அண்மைக் காலத்துக் கார்களையும் ஒரே கூரையின்கீழ் பார்க்கும்போது நீளம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அண்மைக் காலத்துக் கார் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். 2025 விதியின்படி குறைந்தபட்ச எடை 800 கிலோ. இதை 2026 விதிகள் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. அகலம் 190 சென்டிமீட்டர், அச்சுகளுக்கு இடையிலான நீளம் 360-இலிருந்து 340 சென்டிமீட்டர், எடை 768 கிலோ. வரவேற்கிறேன். ஆனால் 1992-இன் நீளம் குறைந்த கார்களே இங்கே முந்தவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

புதிய விதிகளில் எனக்கு அதிக அக்கறை வேறொன்றில். டி.ஆர்.எஸ். எனப்பட்ட திறக்கும் பின்சிறகு போய், முன்னவருக்கு ஒரு விநாடி தொலைவில் வருபவர் கூடுதல் மின்சக்தியைப் பயன்படுத்தலாம் என்ற முறை வந்திருக்கிறது. வெளியிடப்பட்ட விதிகளின்படி, சாதாரணமாக மணிக்கு 290 கி.மீ.யைத் தாண்டியதும் மின்மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறையத் தொடங்கும். முந்த முயல்பவருக்கு மட்டும் அது 337 கி.மீ. வரை முழுமையாகக் கிடைக்கும். நீண்ட நேர்ச்சாலைகளுக்கு இது அருமையான ஏற்பாடு. மொனாக்கோவிலோ கார்கள் எட்டும் உச்ச வேகமே ஏறத்தாழ 290 கி.மீ.தான். முந்துபவரின் சலுகை தொடங்க வேண்டிய இடத்தில் சாலை முடிந்துவிடுகிறது. மற்ற நகரங்களுக்கு எழுதிய எண்ணை இந்த ஊருக்கும் அப்படியே வைத்துக்கொள்வது சரியல்ல. இங்கே மட்டும் குறைந்த வேகத்திலேயே வேறுபாடு தொடங்கும்படி விதியை அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அது பலன் தரும் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இதே தெருவில் இருக்கிறது. மின்கார்களின் ஃபார்முலா ஈ பந்தயம் மொனாக்கோவில் 2015 முதல் நடக்கிறது. 2021-இலிருந்து ஏறக்குறைய முழுப் பாதையிலும் ஓடுகிறது. அந்த ஆண்டு அந்தோனியோ ஃபெலிக்ஸ் த கோஸ்டா கடைசிச் சுற்றில் துறைமுகச் சிக்கேனில் மிட்ச் எவன்ஸை முந்தி வென்றார். 2023-இல் நிக் காசிடி ஒன்பதாம் இடத்திலிருந்து தொடங்கி வென்றார். சாலை அதே சாலை, தடுப்பு அதே தடுப்பு. அந்தக் கார்கள் குறுகலானவை, காற்றின் அழுத்தத்தை அதிகம் நம்பாதவை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பேட்டரியில் உள்ள மின்சாரம் முழுப் பந்தயத்துக்கும் முழு வேகத்தில் போதாது என்பதுதான். முதலில் ஓடுபவர் காற்றைக் கிழித்துக்கொண்டு அதிகமாகச் செலவழிக்கிறார். பின்னால் வருபவர் மிச்சம் பிடிக்கிறார். போதாக்குறைக்குக் கூடுதல் சக்தி வேண்டுமென்றால் கேசினோ சதுக்கத்தில் வழக்கமான தடத்தைவிட்டு வெளிப்பக்கமாக விலகிப் போய்த்தான் அதைப் பெற வேண்டும். முன்னால் இருப்பதற்கு ஒரு விலை வைத்தார்கள். முந்துதல் தானாக வந்தது.

ஞாயிறு, பாகு

நீஸிலிருந்து இஸ்தான்புல் வழியாக அஜர்பைஜானின் தலைநகரான பாகுவுக்கு வந்து சேர்ந்தேன். காஸ்பியன் கடற்கரையில் காற்று ஆளைத் தள்ளுகிறது.

மொனாக்கோவுக்குப் பிறகு பாகுவைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த 6.003 கி.மீ. பாதையின் மிகக் குறுகலான இடம் வெறும் 7.6 மீட்டர் என்பதுதான். பழைய நகரமான இச்சேரிஷெஹரின் கோட்டைச் சுவரை ஒட்டி மேலேறும் எட்டாவது வளைவு அது. தேநீர் குடித்துவிட்டு அங்கே போனேன். சுவரின் கல்லைத் தொட்டபடியே வளைவில் ஏறலாம். பந்தய வேகத்தில் வலப்பக்கம் ஒரு கை நழுவினாலும் இடப்பக்கம் ஒரு கை நழுவினாலும் தடுப்புதான். 2019 தகுதிச் சுற்றில் ராபர்ட் குபிட்சாவும் லெக்லேரும் ஒரே நாளில் இங்கே மோதினார்கள். இப்பகுதியில் கற்கள் பதித்த தெருமீது, பந்தயத்துக்காகப் பாதுகாப்பு அடுக்கு போட்டுத் தார் இட்டு, பிறகு அதைப் பெயர்த்தெடுத்த செய்தியை 2016-இல் படித்தது நினைவிருக்கிறது. பாதையை வடிவமைத்த ஹெர்மன் டில்கேயின் குழு நகரத்தின் பழைமையைத் தொடாமல், அதைச் சுற்றி ஓட வைத்திருக்கிறது.

இங்கே யாரும் முந்துவதில்லை. முந்த முடியவில்லையே என்று யாரும் குறைபட்டுக்கொள்வதுமில்லை.

திங்கள், பாகு

அதற்கான விடை நெஃப்ட்சிலர் நிழற்சாலையில் கிடைக்கிறது. கோட்டையிலிருந்து இறங்கி, பதினாறாவது வளைவைத் திரும்பியதும் கடலோரமாக ஏறத்தாழ 2.2 கி.மீ.க்கு, சில மெல்லிய வளைவுகள் தவிர, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கவே வேண்டியதில்லை. காலையில் அந்தத் தொலைவை நடந்தே கடந்தேன். கன்னிக் கோபுரம் இடப்பக்கம் வந்து போயிற்று, அரசு மாளிகை எதிரே பெரிதாகிக்கொண்டே வந்தது. மணிக்கு 350 கி.மீ.யில் ஒரு விநாடி என்பது 97 மீட்டர். மொனாக்கோவைவிட இடைவெளி இன்னும் அதிகமாகத்தான் விரிகிறது. ஆனால் விரிந்தபிறகும் சாலை மிச்சமிருக்கிறது, காற்றுத் தடத்தில் ஓடி அதைச் சுருக்க நேரமிருக்கிறது, முடிவில் இடப்பக்கம் செங்கோணமாகத் திரும்பும் முதல் வளைவில் நீண்ட பிரேக் இருக்கிறது.

அந்த முதல் வளைவில் நான் கவனித்த இன்னொன்று, திரும்பாமல் நேராகப் போனால் அப்பாலும் சாலை தொடர்கிறது என்பது. பிரேக்கைத் தாமதமாக மிதித்துத் தவறிப்போனவர் சுவரில் மோதுவதில்லை. நேரே ஓடி நின்று, திரும்பி வரலாம். 2021-இல் மறுதொடக்கத்தின்போது லூயிஸ் ஹாமில்டன் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராகப் போனது இந்த வழியில்தான். வெற்றி வாய்ப்பை இழந்தார், காரை இழக்கவில்லை. தோற்றால் சுவர் என்றிருக்கும் இடத்தைவிட, தோற்றால் சில விநாடிகள் என்றிருக்கும் இடத்தில்தான் ஓட்டுநர்கள் துணிகிறார்கள். 2017-இல் பத்தாம் இடத்திலிருந்து தொடங்கிய ரிக்கார்டோ, இங்கே ஒரே பிரேக்கில் வில்லியம்ஸ் கார்கள் இரண்டையும் உள்பக்கமாகக் கடந்து, கடைசியில் வென்றார். அதே பந்தயத்தின் இறுதி மீட்டர்களில் வால்ட்டேரி போட்டாஸ், லான்ஸ் ஸ்ட்ரோலை எல்லைக்கோட்டில் 0.105 விநாடியில் முந்தி இரண்டாம் இடத்தைப் பறித்தார். எல்லைக்கோடு நேர்ச்சாலையின் தொடக்கத்தில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது; வெகு தொலைவு தள்ளி வைத்ததால் நடந்தது.

நீளமும் அகலமும் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஸ்பெயினின் வலென்சியா துறைமுகத்தில் 2008 முதல் 2012 வரை ஓடிய தெருப் பாதை மொனாக்கோவைவிட எவ்வளவோ அகலமானது. ஆனால் மந்தமான பந்தயங்களுக்குத்தான் அது பேர்போனது. 25 வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, முன்காரின் கலங்கிய காற்றில் பின்கார் பிடிமானத்தை இழந்துகொண்டே இருந்ததுதான் அங்கே சங்கடம். 2012-இல், டயர்கள் வேகமாகத் தேய்ந்த ஒரு பருவத்தில், அலோன்சோ 11-ஆம் இடத்திலிருந்து வந்து வென்றபோதுதான் அந்தப் பாதை ஒரு நல்ல பந்தயத்தைக் கொடுத்தது.

மாலையில் மறுபடியும் முதல் வளைவுக்கு வந்து நின்றேன். 2024-இல் பந்தயத்தை முடிவுசெய்த நகர்வு இங்கே நடந்தது. 20-ஆவது சுற்றில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி, முன்னால் ஓடிய லெக்லேர் எதிர்பார்க்காத தொலைவிலிருந்து பிரேக்கைத் தாமதமாக மிதித்து உள்பக்கம் புகுந்தார். நின்ற இடத்திலிருந்து பார்த்தால், அவர் புகுந்த இடைவெளி ஒரு காருக்கு மட்டுமே போதுமானது. அதன்பிறகு முப்பது சுற்றுகளுக்கு லெக்லேர் அவரை விடாமல் துரத்தினார். லெக்லேரின் ஃபெராரி நேர்ச்சாலையில் மீண்டும் மீண்டும் நெருங்கியது. பியாஸ்ட்ரி ஒவ்வொரு முறையும் கோட்டைப் பகுதியின் குறுகலில் சற்று விலகி, பதினாறாவது வளைவிலிருந்து சுத்தமாக வெளியேறி, முதல் வளைவில் உள்பக்கத்தை மூடினார். தேய்ந்த டயர்களால் கடைசிச் சுற்றுகளில் பின்தங்கிய லெக்லேர் இரண்டாம் இடத்தில் முடித்தார்.